பிளக்-இன் கேட்கும் பக்கமும் மறுக்கும் பிரௌசரும்

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்ட பிறகு, புதிய விண்டோஸை ஏற்கும் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டும் திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கிற லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட மனம் வராத சிட்லபாக்கத்துக் குடும்பங்களில், மகனோ மருமகளோ ஒரு விடுமுறை நாளில் உபுண்டு, மின்ட் போன்ற ஒரு லினக்ஸை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவதும், மறுநாள் ஓய்வூதியச் சான்றுக்கோ வரிக் கணக்குக்கோ அதன்முன் உட்கார்ந்த பெரியவர், “இப்பக்கத்துக்குத் தேவையான பிளக்-இன் இல்லை, நிறுவுக” என்ற வாசகத்தைக் கண்டு திகைப்பதும் இப்போது அபூர்வமான சம்பவங்கள் அல்ல. பொத்தானை அழுத்தினால் சில சமயம் ஒன்றுமே நடவாது. சில சமயம் ஒரு கோப்பு இறங்கும், அதைத் திறக்க வழி தெரியவில்லை என்று கணினி கைவிரிக்கும். இன்னும் சில சமயம் எல்லாம் முறையாக முடிந்தது என்ற செய்தியும் வந்து, பக்கம் மட்டும் பழையபடியே பிளக்-இன் கேட்டுக்கொண்டு நிற்கும். இந்த மூன்றாவது நிலையில்தான் மனிதருக்குப் பொறுமை கெடுகிறது. பொறுமை கெட்ட அந்த நேரத்தில், எங்கோ யாரோ எழுதிவைத்த ஒரு கட்டளையை அப்படியே எடுத்து டெர்மினலில் ஒட்டி, தம் பாஸ்வேர்டையும் தட்டி, இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் முகம் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிடுகிற காரியமும் நடந்துவிடுகிறது.

பிரௌசர் ஒரு பிளக்-இன்னை ஏற்க மறுப்பது பெரும்பாலும் அதன் கோளாறு அன்று, நம் பொருட்டு அது செய்கிற காவல் என்பதையும், அந்த மறுப்பை உடைக்கும் உபாயத்தைத் தேடுமுன் பிளக்-இன்னைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், கேட்க அவருக்கு என்ன அதிகாரம் என்று விசாரிக்க வேண்டும் என்பதையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் மூன்று வேறு பொருள்களைப் பிரித்துக்கொள்வது அவசியம். பழைய அர்த்தத்தில் பிளக்-இன் என்பது பிரௌசருக்குள்ளேயே புகுந்து, அதன் உடம்பின் ஒரு பாகமாக நின்று ஓடுகிற இயந்திர நிரல். ஃபிளாஷ், ஜாவா ஆப்லெட், சில்வர்லைட் ஆகியவை அவ்வினம். எக்ஸ்டென்ஷன் அல்லது ஆட்-ஆன் என்பது பிரௌசர் வகுத்த எல்லைக்குள், அது கொடுத்த அனுமதிகளைக் கொண்டு இயங்குகிற சிறு நிரல். மூன்றாவது இனம், பிரௌசருக்கு வெளியே கணினியில் நிறுவப்பட்டு, எக்ஸ்டென்ஷன் வழியாகவோ வேறு வாயில் வழியாகவோ பிரௌசரோடு பேசுகிற துணை நிரல். டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன், கைரேகைக் கருவி முதலியவை இதைக் கொண்டே வேலை செய்கின்றன. ஜனங்கள் பேச்சு வழக்கில் மூன்றையும் பிளக்-இன் என்றே சொல்கிறார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் பரிகாரம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதல் இனத்துக்கு இன்று பரிகாரமே கிடையாது, ஏனெனில் அது இறந்துவிட்டது. 1995-இல் நெட்ஸ்கேப் புகுத்திய அந்த முறை, லினக்ஸ் உபயோகிப்பவர்களுக்கு எப்போதுமே உபத்திரவமாக இருந்தது. 64-பிட் பிரௌசரில் 32-பிட் பிளக்-இன் ஓடாது. ஓடவைக்க நடுவில் ஒரு தரகு நிரல் வேண்டும். ஃபிளாஷின் கோப்பை வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும், ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் பிளகின்ஸ் கோப்புறையில் கையால் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்த பின்பும் ஒலி வராது. 2012-இல் அடோபி நிறுவனம், 11.2 பதிப்புக்குப் பின் லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸுக்குப் புதிய ஃபிளாஷ் இல்லை என்று அறிவித்தது. 2016-இல் மனம் மாறித் திரும்ப வந்தது. குரோம் பிரௌசர் லினக்ஸில் 2014 மே மாதமே பழைய பிளக்-இன் முறையைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில், ஃபிளாஷ் ஒன்றை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கியது. அந்த ஃபிளாஷுக்கும் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆயுள் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அது தன்னைத் தானே ஓடவிடாமல் தடுத்துக்கொண்டது. ஜாவாவின் பிளக்-இன் 2018-இல் வெளிவந்த 11-ஆம் பதிப்போடு மறைந்தது. ஆகவே இன்றைக்கு ஒரு பக்கம் ஃபிளாஷையோ ஜாவா பிளக்-இன்னையோ நிறுவச் சொல்லுமானால், ஒன்று அப்பக்கம் பராமரிப்பார் இன்றிக் கிடக்கிறது, அல்லது அது மோசடி. இரண்டில் எதுவாயினும் நிறுவ வேண்டியது எதுவும் இல்லை.

ஃபயர்ஃபாக்ஸின் ஆட்-ஆன்கள் பக்கத்தில் பிளகின்ஸ் என்ற பகுதி இன்றும் இருக்கிறது. திறந்து பார்த்தால் சாதாரணமாக இரண்டே பெயர்கள்: சிஸ்கோ நிறுவனம் வழங்கும் ஓபன்எச்264, கூகுளின் வைட்வைன். முன்னது காணொளி உரையாடலுக்கும், பின்னது காப்புரிமைப் பூட்டிட்ட திரைப்படங்களுக்கும் பயன்படுவன. இரண்டையும் பிரௌசரே கொண்டுவந்து சேர்க்கிறது. நாம் எந்தத் தளத்திலிருந்தும் இறக்க வேண்டியதில்லை. படம் ஓடவில்லை என்றால், அமைப்புகளில் பூட்டிட்ட உள்ளடக்கத்தை ஓட்ட அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். குரோமியம் என்ற திறந்த வடிவத்தை வைத்திருப்பவர்களுக்கு வைட்வைன் உடன் வராது. அவர்கள் கூகுளின் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ அந்த ஒரு காரியத்துக்கு வைத்துக்கொள்வதே சுலபம்.

இந்தப் பழைய பிளக்-இன் சரித்திரத்தில் நம் பேட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. சிட்லபாக்கத்தின் அண்டையில், குரோம்பேட்டையில், அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த எம்ஐடி வளாகத்தில் இயங்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அம்முயற்சியிலிருந்து பிறந்ததே 2007 ஜனவரியில் வெளிவந்த பாஸ் லினக்ஸ். 2011-இல் தமிழக சர்க்கார் மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றில் ஏற்றித் தரப்பட்டது. அந்த இயந்திரங்களில் எத்தனையோ இன்றும் தாம்பரம், செம்பாக்கம், சேலையூர் வீடுகளின் பரண்களில் உறங்குகின்றன. தூசி தட்டி எடுத்து, உள்ளேயிருக்கும் பழைய ஃபயர்ஃபாக்ஸில் ஒரு எக்ஸ்டென்ஷனைச் சேர்க்க முயல்பவர் தோல்வியே காண்பார். ஒரு காரணம், ஆட்-ஆன்களின் கையொப்பத்தைச் சரிபார்க்க மொசில்லா பயன்படுத்திய மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-ஆம் தேதி காலாவதியாகிவிட்டது. கையொப்பச் சோதனை உள்ள பதிப்புகளில் 128-க்கு முந்தியவை (நீண்டகால ஆதரவுப் பதிப்பாயின் 115.13-க்கு முந்தியவை) அந்நாள் முதல் ஆட்-ஆன்களை நம்ப மறுக்கின்றன. பிரௌசரைப் புதுப்பிப்பதல்லாமல் வேறு மருந்து இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இத்தகைய சங்கடம் புதிதும் அல்ல. யூனிகோடு நிலைபெறுமுன், ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, அதையும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டுமே விளங்கும் வடிவில் அனுப்பிய காலத்தில், லினக்ஸ் வைத்திருந்தவர் தமிழ்ச் செய்தி படிப்பது பகீரதப் பிரயத்தனமாக இருந்தது. கலங்கிய எழுத்துகளை யூனிகோடாக மாற்றிக் காட்டிய பத்மா என்ற ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷனும், பிரௌசருக்குள்ளேயே தமிழ் தட்டச்சிட உதவிய தமிழ்விசையும் தன்னார்வலர்கள் செய்து தந்த உபகாரங்கள். 2010 ஜூனில் தமிழக சர்க்கார் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பொதுத் தரம் நிலைபெற நிலைபெற அந்த எக்ஸ்டென்ஷன்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பிளக்-இன் தொல்லைக்கு மெய்யான பரிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி, நிறுவுவது மெய்யாகவே அவசியமான சந்தர்ப்பங்களைப் பார்ப்போம். எக்ஸ்டென்ஷன் நிறுவ முடியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, நகைப்புக்கு இடமாகத் தோன்றினாலும், கணினியின் தேதிதான். பழைய லேப்டாப்பில் தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், கடிகாரம் சில ஆண்டுகள் பின்னே போய் நின்றுகொள்ளும். அத்தேதியில் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. ஆகவே பிரௌசர் அவற்றை ஒருங்கே நிராகரிக்கும். தேதியைத் திருத்தியதும் பாதிப் புகார்கள் மறைகின்றன. அடுத்து, எக்ஸ்டென்ஷனை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. 2016-இல் வந்த 48-ஆம் பதிப்பு முதல், மொசில்லாவின் கையொப்பம் இல்லாத எக்ஸ்டென்ஷனைச் சாதாரண ஃபயர்ஃபாக்ஸ் ஏற்பதில்லை. 2019 மே மாதத் தொடக்கத்தில் மொசில்லாவே தன் இடைநிலைச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்து, உலகெங்கும் ஆட்-ஆன்கள் ஒரே இரவில் முடங்கின, 66.0.4 பதிப்பு இரண்டு நாட்களில் வந்து அதைச் சரிசெய்தது. அந்த இடைவேளையில் கையொப்பச் சோதனையையே அணைத்துவிடும்படி உபதேசம் செய்த குறிப்புகள் இன்றும் தேடினால் அகப்படும். அவற்றைப் பின்பற்றுவது கதவின் பூட்டுச் சரியில்லை என்று கதவையே கழற்றி வைப்பதாகும்.

இவற்றையெல்லாம் விடச் சிக்கலானது மூன்றாவது இனமான துணை நிரல். அதில் வரும் தடங்கலில் பெரும்பகுதி இக்காலத்தில் ஸ்நாப் என்ற ஒரு பெயரில் அடங்கும். 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் அங்கே ஸ்நாப் வடிவிலேயே வருகிறது. நிரல்களை நிறுவும் ஏபிடி கட்டளையால் நிறுவினாலும் வந்து சேர்வது அதே ஸ்நாப். இவ்வடிவில் பிரௌசர் தனக்கென வேலியிட்ட ஒரு வட்டத்துக்குள் ஓடுகிறது. வட்டத்துக்கு வெளியே கணினியில் எதை நிறுவினாலும் அதன் கண்ணுக்குப் படாது. ஆகவே யூஎஸ்பி டோக்கனின் நிரலை முறைப்படி நிறுவி, ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளில் பாதுகாப்புச் சாதனங்கள் என்ற இடத்துக்குச் சென்று, டோக்கனின் நூலகக் கோப்பைச் சுட்டிக்காட்டினாலும், தொகுதியைச் சேர்க்க இயலவில்லை என்ற ஒற்றை வரிதான் விடையாகக் கிடைக்கும். காரணம் இன்னது என்று அந்த வரி சொல்லாது. நிரலைப் பத்து முறை நீக்கி நிறுவினாலும் பயனில்லை, ஏனெனில் பிழை நிரலில் இல்லை. மொசில்லாவே டெபியன் வகை லினக்ஸ்களுக்காக 2024 ஜனவரி முதல் தன் சொந்தக் களஞ்சியத்தில் ஃபயர்ஃபாக்ஸை வழங்கிவருகிறது; அதனை நிறுவிக்கொண்டால் இந்தத் தடை நீங்கும். தங்கள் பிரௌசர் எவ்வினம் என்று அறிய, உதவிப் பட்டியலில் உள்ள பழுதறி விவரப் பக்கத்தைத் திறந்து, சுயவிவரக் கோப்புறையின் பாதையில் ஸ்நாப் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஃபிளாட்பேக் வடிவத்திலும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

வேலி ஏதும் இல்லாதபோதும் தோல்வி நேர்ந்தால் விசாரிக்க வேண்டியவை சில. துணை நிரலை நிறுவும்போது, எந்த எக்ஸ்டென்ஷன் எந்த நிரலை அழைக்கலாம் என்று குறித்த ஒரு சிறு அறிவிப்புக் கோப்பு பிரௌசரின் குறிப்பிட்ட கோப்புறையில் எழுதப்படும். நிறுவியானது குரோமின் கோப்புறையில் எழுதிவிட்டுப் போயிருக்க, நாம் குரோமியத்தையோ ஃபயர்ஃபாக்ஸையோ திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிற பிசகு. இன்னொன்று, நிரல் சார்ந்திருக்கும் வேறு நூலகங்கள் புதிய லினக்ஸில் இல்லாதிருத்தல். எல்டிடி என்ற கட்டளையை அந்தக் கோப்பின்மேல் ஏவினால், தேவையான நூலகங்கள் வரிசையாக வந்து, கிடைக்காததன் எதிரே ‘நாட் ஃபவுண்ட்’ என்று நிற்கும். அந்தப் பெயரை உங்கள் லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்தில் தேடி நிறுவினால் பெரும்பாலும் காரியம் முடிந்தது. ஆனால் நம்பிக்கையற்ற கோப்பின்மேல் எல்டிடியை ஏவக் கூடாது, சில நிலைகளில் அக்கோப்பே ஓடத் தொடங்கிவிடக் கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. சோதனை செய்யும் கருவியே இப்படி என்றால், சோதியாமல் ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

லினக்ஸுக்கு வைரஸ் வராது என்று சொல்லிச் சொல்லியே நம்மில் பலர் ஒரு பொய்யான நிம்மதியில் ஆழ்ந்துவிட்டோம். 2025 ஜூலை 16-ஆம் தேதி, ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியத்தில் மூன்று பொதிகள் ஏற்றப்பட்டன. அவற்றின் பெயர்களைக் கவனிக்க வேண்டும்: ஃபயர்ஃபாக்ஸ் பேட்ச், லிப்ரவுல்ஃப் ஃபிக்ஸ், ஜென் பிரௌசர் பேட்ச்டு. பிரௌசர் சரியாக ஓடவில்லை என்று தவிப்பவர் தேடுகிற சொற்களையே தூண்டில் முள்ளில் கோத்திருந்தார்கள். நிறுவியவர் கணினியில் இறங்கியது தொலைவிலிருந்து இயந்திரத்தை ஆட்டிவைக்கும் கேயாஸ் என்ற நச்சு நிரல். இரண்டு நாட்களில் அவை அகற்றப்பட்டன. அதற்கடுத்த மாதமே, பாஸ் லினக்ஸ் உபயோகிக்கும் இந்திய அரசு அலுவலகங்களைக் குறிவைத்து, பிடிஎஃப் ஆவணம்போல வேஷமிட்ட டெஸ்க்டாப் குறுக்குவழிக் கோப்புகள் மின்னஞ்சலில் வந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். நம் குரோம்பேட்டைச் சம்பந்தம் உள்ள இயக்குதளத்துக்கும் இந்தக் கௌரவம் கிட்டிவிட்டது.

டெர்மினலில் ஒட்டச் சொல்லும் வரிகளில் சிலவற்றை வாசித்த மாத்திரத்தில் இனம் காணலாம். இணையத்திலிருந்து ஒன்றை இறக்கி, கண்ணால் பாராமலே நேரே ஓட்டச் சொல்லும் வரி. முன்னே முழு அதிகாரம் கோரும் சூடோ என்ற சொல்லில் தொடங்கி, முடிவில் இன்னதென்று புரியாத எழுத்துக் குவியல் கொண்ட வரி. நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க இதை ஒட்டுக என்று கூறும் பக்கம். எந்த நியாயமான நிறுவனமும் மனிதரா இயந்திரமா என்று அறியக் கட்டளை ஒட்டச் சொல்வதில்லை. தொலைபேசியில் அழைத்து, திரையைப் பகிரும் செயலியை நிறுவினால் பிளக்-இன்னை நாங்களே சரிசெய்கிறோம் என்று சொல்பவர் விஷயத்தில் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

முறையான கடையிலிருந்து எடுத்த எக்ஸ்டென்ஷனிலும் அபாயம் உண்டு, அது நுட்பமானது. நிறுவும்போது ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு முழுவதையும் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்டு ஒரு வாசகம் வரும். அதன் பொருள் எழுத்துக்கு எழுத்து மெய்: வங்கிப் பக்கத்தில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டையும் அது படிக்கலாம். இன்றைக்கு யோக்கியமாக இருக்கும் எக்ஸ்டென்ஷன் நாளைக்கு வேறொருவருக்கு விற்கப்படலாம். வாங்கியவர் அனுப்பும் அப்டேட், நம்மைக் கேளாமலே, பழைய அனுமதியைக் கொண்டே உள்ளே வந்துவிடும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற, லட்சக்கணக்கானோர் வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் 2020-இல் கைமாறி, 2021 பிப்ரவரியில் நச்சு நிரல் என்று கூகுளால் நீக்கப்பட்டது அவ்வாறுதான். விற்காமலும் கைமாறலாம்: 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் சைபர்ஹேவன் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாற, சுமார் 4 லட்சம் பேர் வைத்திருந்த அதன் எக்ஸ்டென்ஷனில் திருட்டு நிரல் புகுத்தப்பட்டது. தேவை முடிந்ததும் எக்ஸ்டென்ஷனை நீக்கிவிடுவதும், வங்கிக் காரியங்களுக்கு எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இல்லாத தனி சுயவிவரம் ஒன்றை வைத்துக்கொள்வதும் செலவில்லாத ஜாக்கிரதை.

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியவை. ஆனால் பிரஜை ஒருவன் சர்க்காருக்கு வரி கட்டவோ சான்று பெறவோ, குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் இயக்குதளத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று நிர்ப்பந்திப்பது தகுமா என்ற கேள்வியைக் கேளாமல் விடுவது நியாயமாகாது. மத்திய சர்க்கார் 2010 நவம்பரில் மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் கொள்கையையும், 2015-இல் திறந்தமூல மென்பொருளை ஏற்கும் கொள்கையையும் வெளியிட்டிருக்கிறது; 2009 முதல் அமலில் உள்ள அரசு இணையதள வழிகாட்டு நெறிகள், பக்கங்களைப் பல்வேறு பிரௌசர்களில் சோதித்துப் பார்க்கும்படி சொல்கின்றன. கொள்கைகள் சட்டம் அல்ல. நேரே கோர்ட்டுக்குப் போய் அமல்படுத்தக் கேட்பது கடினம். ஆயினும் கையில் பிடித்துக்கொள்ள அவை போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், இந்த இணையதளம் எந்தெந்த இயக்குதளங்களிலும் பிரௌசர்களிலும் சோதிக்கப்பட்டது, அந்தச் சோதனை அறிக்கையின் நகலைத் தருக என்று ஒரு விண்ணப்பம் எழுதலாம். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் தகவல் அல்ல, அபிப்பிராயம் கேட்கிறீர் என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேட்பதே விவேகம். தாம்பரம் மாநகராட்சி போன்ற மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் சேவையானால் முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண்ணில் சொல்லலாம்.

தென் கொரியாவின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. 1990-களின் இறுதியில் அந்நாடு வங்கிப் பரிமாற்றத்துக்கும் இணைய வியாபாரத்துக்கும் ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் பிளக்-இன் முறையைச் சார்ந்துகொண்டது. விளைவு, தேசம் முழுதும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அடிமையாயிற்று. கேட்டதற்கெல்லாம் ‘நிறுவுக’ என்று அழுத்திப் பழகிய மக்களிடம் மோசடிக்காரர்களும் சுலபமாக நுழைந்தார்கள். 2014-இல், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கதாநாயகி அணிந்த கோட்டைச் சீன ரசிகர்கள் வாங்க முனைந்து, பிளக்-இன் தடுத்துவிட்டதால் முடியாமற்போனதை அந்நாட்டு ஜனாதிபதியே குறிப்பிட்டுக் குறைகூற நேர்ந்தது. அந்தப் பிளக்-இன்னை வேண்டிநின்ற பழைய டிஜிட்டல் சான்றிதழ் முறைக்கு இருந்த சட்டபூர்வமான தனி அந்தஸ்து 2020 டிசம்பரில்தான் ஒழிந்தது.

நம் ஊரில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. பல காரியங்களுக்குப் பிளக்-இன் இல்லாத மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது, கேட்பவர்க்குத்தான் சொல்லப்படுவதில்லை. தனிநபர் வருமான வரிக் கணக்கை டோக்கன் இல்லாமலே ஆதார் ஓடிபி மூலம் உறுதிசெய்யலாம். ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றுக்கான ஜீவன் பிரமாண் நிரல் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் செய்யப்பட்டது. லினக்ஸ் லேப்டாப்பில் கைரேகைக் கருவியோடு மல்லுக்கட்டுவதை விடுத்து, கைப்பேசியில் முக அடையாளத்தால் அதை முடிக்கலாம், அல்லது அஞ்சல்துறை வங்கியின் தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம். நவம்பர் மாத நெரிசலில் கடையில் நின்று, ஆதார் எண்ணை யார் யாருக்கோ உரக்கச் சொல்வதைவிட இது மேல்.

முன்ஜாக்கிரதையையும் மீறிப் பணம் போய்விட்டால், நேரமே முக்கியம். உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். முந்துகிற ஒவ்வொரு நிமிஷமும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் அதை முடக்க உதவும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கை வகுத்த விதிப்படி, பிசகு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, மூன்றாமவர் ஊடுருவல் என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் வரம்புக்கு உட்பட்ட பொறுப்பு. ஓடிபியைத் தாமே சொல்லிவிட்டவர், தெரிவிக்கும் வரை நேர்ந்த நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டும். வாடிக்கையாளரின் அஜாக்கிரதையை நிரூபிக்கும் பாரம் வங்கியைச் சார்ந்தது என்று அதே சுற்றறிக்கை சொல்வதை மறக்கலாகாது. ‘நீங்கள்தானே நிறுவினீர்கள்’ என்ற ஒரு வாக்கியத்தால் வங்கி கைகழுவிவிட முடியாது. 30 நாட்களில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கணினியில் வைரஸ் இருக்கிறது என்று பயமுறுத்தி நிரலை விற்கும் தந்திரத்தை, 2023 நவம்பர் 30-இல் வெளியான நுகர்வோர் வழிகாட்டு நெறிகள் தடைசெய்யப்பட்ட மறைமுகச் சூழ்ச்சிகள் பதின்மூன்றில் ஒன்றாக வைத்திருக்கின்றன, அதைப் புகார் செய்ய நுகர்வோர் உதவி எண் 1915.

காவல் புகாரைத் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் சைபர் குற்றப் பிரிவிலோ, எல்லை பாராமல் எந்தக் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம்; 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஆனால் புகாருக்கு முன் ஒன்றைச் செய்யாதிருக்க வேண்டும்: லேப்டாப்பை ரிப்பேர் பையனிடம் கொடுத்து ஃபார்மட் போடச் சொல்லக் கூடாது. அது சாட்சியைக் கொளுத்துவதாகும். இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஃபயர்ஃபாக்ஸின் சுயவிவரக் கோப்புறையை முழுமையாக வேறு பென்டிரைவுக்கு நகலெடுக்க வேண்டும். எந்த எக்ஸ்டென்ஷன் எந்த நாளில் நிறுவப்பட்டது என்ற விவரம் அதிலே இருக்கிறது. ஏபிடியின் வரலாற்றுப் பதிவேடு எந்தப் பொதி எப்போது நிறுவப்பட்டது என்று மணி நிமிஷத்தோடு சொல்லும். டெர்மினலில் தட்டிய கட்டளைகள் வீட்டுக் கோப்புறையின் பாஷ் ஹிஸ்டரி கோப்பில் இருக்கும். அது டெர்மினலை முறையாக மூடும்போதுதான் எழுதப்படும் என்பதால், கணினியின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டால் கடைசி வரிகளை இழக்க நேரும். நகலெடுத்த கோப்புகளுக்கு எஸ்எச்ஏ-256 ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டு எழுதிவைப்பது நல்லது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ்ப் படிவத்தில் அந்த மதிப்புக்கென்றே இடம் விடப்பட்டிருக்கிறது.

குற்றவாளி பிடிபடும் வரை நஷ்டஈட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் பலர் அறியார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவு, அனுமதியின்றிக் கணினியில் புகுவதையும் நச்சு நிரல் புகுத்துவதையும் ஈட்டுக்குரிய தீங்குகளாக வைத்திருக்கிறது; 46-ஆவது பிரிவின்படி, 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக நியமிக்கப்பட்டிருக்கிறார். வக்கீல் வைத்தும் வழக்காடலாம், தாமாகவும் ஆஜராகலாம். 2007-இல் போலி வங்கி மின்னஞ்சலால் பணம் இழந்த, வெளிநாட்டில் வேலையிலிருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு, 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டின் தீர்ப்பு அதிகாரி, ஒரு பெரிய தனியார் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டது இந்தப் பிரிவுகளைக் கொண்டுதான். வங்கி மேல்முறையீட்டுக்குப் போயிற்று, விவகாரம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அத்தகைய மேல்முறையீடுகளை 2017 முதல் டெல்லியிலுள்ள தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயம் கேட்கிறது. சிட்லபாக்கத்தில் பணம் இழந்தவருக்கு முதல் விண்ணப்பம் தாக்கல் செய்யும் இடம் அவ்வளவு தூரமில்லை. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கினால் தலைமைச் செயலகம்.